பொன்மலை பட்டறையில் பாய்லர்மேக்கராக இருந்த கொள்ளுத்தாத்தா: எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

நாகை_பேரன்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவின் தாத்தா தென்னிந்திய ரயில்வே கம்பெனியில் வேலை பார்த்தவர். முதலில் நாகப்பட்டினம் பட்டறை, பிறகு திருச்சி பொன்மலை. 1943இல், வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். பாய்லர் ஷாப்பில் அடிபட்டு இறந்ததாக வீட்டில் பேச்சு. அவருடைய மூத்த மகன், அதாவது என் தாத்தா, 1945இல் அதே பட்டறையில் சேர்ந்து 1983இல் ஓய்வு பெற்றார். பாட்டி இறக்கும்வரை குடும்ப ஓய்வூதியம் வந்தது. அந்த பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எங்களிடம் இருக்கிறது.

கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கையில் இருப்பவை இவ்வளவுதான். கம்பெனி கொடுத்த ஒரு சர்வீஸ் சர்ட்டிபிகேட். அதில் பிறந்த தேதி 1-7-1902, சேர்ந்தது 1928 செப்டம்பர், பதவி பாய்லர்மேக்கர், ரேட் 1-4-0. நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன். ஓலையில் இல்லாமல் காகிதத்தில் எழுதிய ஜாதகம். அதில் குரோதி ௵ (வருஷம்) ஐப்பசி ௴ (மாதம்) ௨௰௩ ௳ (தேதி) என்று இருக்கிறது. 1941இல் அவர் மகள் கல்யாணத்துக்கு எழுதிய மொய் நோட்டு, பாதி செல்லரித்தது.

குழப்பம் இங்கேதான். வீட்டில் எல்லாரும் அவர் 1919லேயே நாகையில் வேலைக்குச் சேர்ந்தவர் என்கிறார்கள், சர்ட்டிபிகேட் 1928 என்கிறது. பிறந்த வருஷமும் ஜாதகத்தோடு ஒத்துவரவில்லை. அவருடைய அப்பா பெயர், கூடப்பிறந்தவர்கள், பூர்வீக ஊர் எதுவும் தெரியாது. குலதெய்வம் மட்டும் வேதாரண்யம் பக்கம். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்க வேண்டும்? பாய்லர்மேக்கர் என்றால் உண்மையில் என்ன வேலை?

தாள்தேடி:

முதலில் தேதிகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். அது சரியாகாமல் எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது, தவறான வருஷத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ரயில்வேயில் பிறந்த தேதியைப் பதிய ஒரு விதி உண்டு. வேலைக்கு வருபவர் வருஷம் மட்டும் சொன்னால் ஜூலை 1 என்று போடுவார்கள். வருஷமும் மாதமும் சொன்னால் அந்த மாதம் 16ஆம் தேதி. வயது மட்டும் சொன்னால், சேர்ந்த நாளிலிருந்து அத்தனை வருஷத்தைக் கழித்து எழுதுவார்கள். ஆகவே 1-7-1902 என்பது அவர் பிறந்த நாள் இல்லை. “1902” என்று அவர் வாயால் சொன்னார், மீதியை கிளார்க் விதிப்படி நிரப்பினார், அவ்வளவுதான்.

ஜாதகத்தை நம்புங்கள். குரோதி வருஷம் 1904 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1905 ஏப்ரல் நடுவில் முடிகிறது. ஐப்பசி அக்டோபர் நடுவில் பிறக்கும். ௨௰௩ என்பது இருபத்து மூன்று. அப்படியானால் 1904 நவம்பர் முதல் பத்து நாளுக்குள் வருகிறது. ஜாதகத்தில் கிழமையும் நட்சத்திரமும் கட்டாயம் இருக்கும். அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் இரண்டும் ஒன்றாக விழும் நாளைப் பாருங்கள், தேதி உறுதியாகிவிடும். வேறு ஜாதகங்களைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: மார்கழி பாதிக்கு மேல், தை, மாசி, பங்குனி எல்லாம் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். குரோதி மாசி என்றால் 1905. சுழற்சி 60 வருஷம் என்பதால் 1964-65ம் குரோதிதான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் இருக்கும் வீட்டில் இந்த இடத்தில்தான் ஆள் மாறிப்போகும்.

இரண்டு வருஷம் ஏன் கூடுதலாகச் சொன்னார்? 1919இல் சேர்ந்திருந்தால் உண்மை வயது 14 முடிந்து 15 நடக்கிறது. 17 என்று சொன்னால் பையன் கூலியில் நிறுத்தாமல் பெரிய ஆளாக எடுப்பார்கள். அப்போது சொன்ன வருஷமே கடைசிவரை கூட வந்திருக்கும். வீட்டுப் பேச்சுக்கு இது ஒரு மறைமுகச் சான்று. 1928இல் 23 வயது ஆளாகப் புதிதாகச் சேர்ந்தவருக்கு வயதைக் கூட்டிச் சொல்ல ஒரு அவசியமும் இல்லை.

1919, 1928 முரண்பாட்டுக்கு வருகிறேன். நாகப்பட்டினம், போத்தனூர் பட்டறைகளைப் பொன்மலையில் ஒன்றாகச் சேர்த்தபோது கம்பெனி ஆட்குறைப்பில் இறங்கியது. தொழில் தேர்வு வைத்து ஆட்களைக் கழிக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்துத்தான் 1928 ஜூலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாதக் கடைசியில் அது முடிந்தது. சிங்காரவேலர் உட்படத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வேலைநிறுத்தத்தில் நின்றவர்களில் பலரைத் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தவர்களையும் பழைய சர்வீஸை அறுத்துவிட்டுப் புது ஆளாகச் சேர்ப்பது அந்தக் காலத்துக் கம்பெனிகளின் வழக்கம். ஜூலைக்குப் பிறகு, செப்டம்பரில் ‘சேர்ந்தவர்’ என்று இருப்பதைப் பார்த்தால் உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்பது வருஷ சர்வீஸ் போய், சீனியாரிட்டியும் போய், திரும்ப அடியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். இதற்கு அசல் சான்று வேண்டும் என்றால் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1928, 1929 வருஷங்களுக்கான அரசாணைகளின் அட்டவணையை எடுத்து, ரயில்வே, வேலைநிறுத்தம், நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளி என்ற தலைப்புகளின் கீழ் பாருங்கள். கைதானவர், வழக்கில் பெயர் வந்தவர் என்றால் மட்டுமே தனி ஆள் பெயர் கிடைக்கும். சாதாரணத் தொழிலாளியின் பெயர் அங்கே வராது என்ற எண்ணத்தோடு போங்கள்.

ரேட் 1-4-0 என்பது நாள் கூலி. ஒரு ரூபாய், நான்கு அணா, பூஜ்யம் பை. 26 நாள் வேலை என்றால் 32 ரூபாய் 8 அணா. மாதச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள்.

டோக்கனில் எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) என்று இருந்தால் 1951 ஏப்ரல் 14க்கு முந்தையது. அன்றுதான் தென்னக ரயில்வே உருவானது. வெறும் நம்பரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது. ஒருவர் போனதும் அதே நம்பர் அடுத்தவருக்குப் போய்விடும். நம்பரும் ஷாப்பும் சேர்ந்தால்தான் அர்த்தம். சர்ட்டிபிகேட்டின் மூலையில் டிக்கெட் நம்பர் (தொழிலாளியின் எண்) எழுதியிருக்கிறதா, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

ரிவெட்டு:

பாய்லர்மேக்கர் வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பட்டறையிலேயே உடம்பை அதிகம் கேட்கும் தொழில் அது. சத்தமும் அங்கேதான் அதிகம்.

ஓவர்ஹாலுக்கு வந்த எஞ்சினிலிருந்து பாய்லரைத் தனியாகத் தூக்கி பாய்லர் ஷாப்புக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே நீளவாக்கில் குழாய்கள் அடுக்கடுக்காக ஓடும். தீப்பெட்டியிலிருந்து (ஃபயர்பாக்ஸ், கரி எரியும் அறை) வரும் சூடான புகை குழாய்க்குள்ளே போகும், வெளியே தண்ணீர். ஊருக்கு ஊர் தண்ணீரின் உப்பு வேறு என்பதால் குழாயின் வெளிப்புறத்தில் கல் மாதிரி படிவு ஏறிவிடும். படிவு ஏறிய இடத்தில் தகடு தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் அளவுக்கு மேல் காய்ந்து, உப்பி, கசிய ஆரம்பிக்கும். ஆகவே குழாய்களை வெட்டி உருவி, படிவைத் தட்டி எடுத்து, தேய்ந்த முனையை நறுக்கிப் புது முனை ஒட்டி, திரும்ப உள்ளே செலுத்தி, முனையை எக்ஸ்பாண்டர் வைத்து விரித்து, விளிம்பை மடித்து அடிக்க வேண்டும். விரிப்பது குறைந்தால் கசியும். கூடினால் குழாய்த் தகட்டில் இரண்டு ஓட்டைக்கு நடுவே இருக்கும் குறுகிய பகுதி விரிந்துவிடும். அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

அடுத்தது ஸ்டே போல்ட். தீப்பெட்டியின் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் நூற்றுக்கணக்கான போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கும். உடைந்ததைக் கண்டுபிடிக்கச் சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதால் கேட்பார்கள். முழுசாக இருப்பது கணீரென்று பேசும், உடைந்தது மந்தமாக ஒலிக்கும். பல வருஷம் அந்தச் சத்தத்தில் நின்ற மேஸ்திரிக்குக் காது கேட்காது. அதற்குப் பிறகு அவர் தட்டும்போது சுத்திப்பிடியில் வரும் அதிர்வை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிக்க ஒரு செட் ஆட்கள் வேண்டும். உலையில் ரிவெட்டை ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி இடுக்கியில் எடுத்துக் கொடுக்கும் பையன், பாய்லருக்கு உள்ளே போய்க் கனமான இரும்பைத் தலைமேல் அழுத்திப் பிடிப்பவர், வெளியே மாற்றி மாற்றி அடிக்கும் இருவர். சிவப்பு போவதற்குள் மறுதலை உருவாகிவிட வேண்டும். ஆறிய ரிவெட்டை அடித்தால் தலை அமர்ந்தது போலத் தெரியும், ஆனால் உடல் ஓட்டையை நிரப்பியிருக்காது. தண்ணீர் சோதனையில் அந்த மூட்டு வியர்க்கும். கம்பிரஸ்டு ஏர் சுத்தி வந்த பிறகு கையடி குறைந்தது, சத்தம் கூடியது. அந்தக் காலத்து மீட்டர்கேஜ் எஞ்சின்கள் சதுர அங்குலத்துக்கு 180 பவுண்டு அழுத்தம் வரை ஓடின. சோதனையில் அதற்கு மேலேயே தண்ணீர் ஏற்றிப் பார்ப்பார்கள். எல்லாம் தாங்கினால்தான் ஷாப்பை விட்டு வெளியே போகும்.

1919இல் சிறுவனாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் ரிவெட் காய்ச்சுவதில்தான் தொடங்கியிருப்பார். உள்ளே பிடிப்பது, சம்மட்டி அடிப்பது என்று ஏறித்தான் பாய்லர்மேக்கர் ஆவது. ‘கலாசி’, ‘ஹேமர்மேன்’ என்று வேறு தாளில் அவர் பெயருக்கு நேராக இருந்தால் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவருடைய முந்தைய படியாக இருக்கலாம்.

அடிபட்டு இறந்தார் என்பது உண்மையானால் அதற்கு ஒரு தனித் தடம் உண்டு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை 1இலேயே நடப்புக்கு வந்துவிட்டது. மரணம் என்றால் கம்பெனி பணத்தைக் குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்துவிட முடியாது, இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். அவர்தான் சார்ந்திருப்போர் யார் யார் என்று விசாரித்துப் பங்கு பிரிப்பார். மனைவி, வயது வராத பிள்ளைகள், வயதான பெற்றோர் எல்லாரும் அதில் வரவேண்டும். கொள்ளுத்தாத்தாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயரும் இருக்கும். 1943, 1944 வருஷங்களுக்கு இதைத் தேடுங்கள்.

பத்திரக்கட்டு:

தம்பி, ரயில்வே தாள் ஒரு ஆளைச் சொல்லும், குடும்பத்தைச் சொல்லாது. அப்பா, கூடப்பிறந்தவர், பூர்வீகம் மூன்றும் உங்கள் கையில் இருக்கும் மொய் நோட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

மொய் நோட்டின் முதல் பக்கத்தில் நிற்பவர்கள் முக்கியம். பெண் கல்யாணம் என்பதால் பெண்ணின் தாய்மாமன் செய்முறை முதலில் வரும், அது உங்கள் கொள்ளுப்பாட்டியின் உடன்பிறப்பு. அதற்கடுத்து பெரிய தொகையோடு வரும் பெயர்கள் பங்காளிகள், அத்தைமார் வீடுகள். பெண்கள் பெயர் அநேகமாக இருக்காது, கணவன் பெயரில்தான் எழுதுவார்கள். ஆகவே கொள்ளுத்தாத்தாவின் அக்கா தங்கைகளைத் தேடினால் மாப்பிள்ளை முறையில் வரும் ஆண்களைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஊர், ஆள் பெயர், தொகை இருக்கும். ஊர்களை மட்டும் தனியே எழுதி எண்ணுங்கள். எந்த ஊரிலிருந்து ஒரே மாதிரித் தொகையில் நிறைய பேர் வந்திருக்கிறார்களோ அது பூர்வீகமாகவோ பெண் எடுத்த ஊராகவோ இருக்கும். பொன்மலைப்பட்டி, செந்தண்ணீர்புரம் என்று வருபவை பட்டறைக் கூட்டாளிகள், உறவு இல்லை.

எண்களில் கவனம். தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். பக்கத்தின் உச்சியில் இருக்கும் உ பிள்ளையார் சுழி, இரண்டு ரூபாய் இல்லை. ௰ பத்து, ௱ நூறு. செல்லரித்த நோட்டைப் பிரித்துத் தட்டாதீர்கள். பக்கங்கள் ஒட்டியிருந்தால் மெல்லிய தட்டைக் கத்தியை நுழைத்து நெகிழ்த்துங்கள், தண்ணீர் காட்ட வேண்டாம், பழைய மை ஓடிவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் படம் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது.

அப்பா பெயருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நம் பக்கத்தில் மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தா பெயர் வைப்பதுதான் பொதுவழக்கம். உங்கள் தாத்தா மூத்தவர் என்றால் அவர் பெயரே கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயராக இருக்க நிறைய வாய்ப்பு. கொள்ளுத்தாத்தாவின் இனிஷியல் அதோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தினால் அடுத்த வேலை சுலபம்.

குலதெய்வக் கோயிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். கும்பிடப் போவது வேறு, இது வேறு. கோயில் கணக்கு வைத்திருப்பவரிடம் தலைக்கட்டு வரி நோட்டு பழையது இருக்கிறதா என்று கேளுங்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. வெளியூர் போனவர்களையும் அவர்கள் வகையறாவுக்குள்ளேயே எழுதுவார்கள். அண்ணன் தம்பிகள் அடுத்தடுத்த வரியில் நிற்பார்கள். நோட்டு இல்லாவிட்டாலும் எந்த வகையறாவுக்கு முதல் மரியாதை, அடுத்தது யாருக்கு என்பது பூசாரிக்கு மனப்பாடமாக இருக்கும். அந்த வரிசையே மூத்தவன், இளையவன் கிளையைச் சொல்லிவிடும்.

ஊர் தெரிந்ததும் சார்பதிவாளர் அலுவலகம். இணையத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975இலிருந்துதான் கிடைக்கும், அதற்கு முன்பு அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையால் தேட வேண்டும். சொத்து சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் வருஷ வருஷமாகப் பாருங்கள். சொத்துப் பத்திரங்கள் இருக்கும் முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். நீங்கள் தேட வேண்டியது பாகப்பிரிவினையும் விடுதலைப் பத்திரமும். ரயில்வேயில் வேலை கிடைத்து ஊரை விட்டவர் தன் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும். இன்னார் குமாரர், இன்ன ஊர், இன்ன தொழில், கூடப்பிறந்தவர் இன்னார் என்று முழுக் குடும்பமும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். கிரயப் பத்திரத்தைவிட இவை பத்து மடங்கு பயன்.

நாகை_பேரன்:

மிக்க நன்றி. டோக்கனில் எஸ்.ஐ.ஆர். இருக்கிறது, நம்பரும் சர்ட்டிபிகேட்டில் இருப்பதும் ஒன்றுதான். மொய் நோட்டில் தோப்புத்துறை என்று பதினோரு பேர் வருகிறார்கள். இரண்டு கேள்வி. ரயில்வேயில் அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டர் கிடைக்குமா? லண்டனில் இந்திய ரயில்வே ஊழியர் பதிவுகள் இருக்கின்றன என்கிறார்களே, அங்கே தேடலாமா?

தாள்தேடி:

லண்டனை விட்டுவிடுங்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளும் அவர்களுடையவைதான். பட்டறைத் தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே காசு செலவழிக்காதீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டுவாரித் தாள்களைப் பார்க்க நம் நாட்டில் வழியில்லை.

1943இல் இறந்தவருடைய ரிஜிஸ்டர் கிடைப்பது அரிது. அவர் இறந்தபோது அது கம்பெனி ரயில்வே, அரசு எடுத்துக்கொண்டது 1944 ஏப்ரல் 1இல். பென்ஷன் திட்டம் வந்தது 1957 நவம்பர் 16இல் என்பதால் அவருக்கு பி.பி.ஓ. என்ற பேச்சே இல்லை. அவரை விட்டு உங்கள் தாத்தாவின் கோப்பைக் கேளுங்கள். 1945இல் சேர்ந்தவரின் ரிஜிஸ்டர் முதல் பக்கத்தில் தகப்பன் பெயர், சொந்த ஊர், அங்க அடையாளம் எழுதுவார்கள். இறந்த தொழிலாளியின் மகன் என்ற குறிப்பு கூட இருக்கலாம். ரயில் பாஸ் (இலவசப் பயணச் சீட்டு) வாங்கக் கொடுத்த குடும்ப விவரமும் கேளுங்கள். அப்பா இல்லாத வீட்டில் மூத்த மகன் தன் விதவைத் தாயையும் கல்யாணமாகாத தங்கைகளையும் தம்பிகளையும் சார்ந்தவர்களாகக் காட்டியிருப்பார். கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகள் முழுப் பட்டியலும் அதில் வயதோடு கிடைத்துவிடும்.

தகவல் உரிமை மனு மத்திய அரசு இணையதளத்திலேயே போடலாம், கட்டணம் 10 ரூபாய். பட்டறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “விவரம் தருக” என்று கேட்காதீர்கள். பி.பி.ஓ. எண், பெயர், பதவி, ஓய்வு பெற்ற தேதி கொடுத்து, “சர்வீஸ் ரிஜிஸ்டரின் முதல் இரண்டு பக்கங்களின் நகல், குடும்ப விவரப் படிவத்தின் நகல், இந்தக் கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் அழித்த பதிவின் நகல்” என்று தனித்தனியாகக் கேளுங்கள். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். தனிநபர் தகவல் என்று மறுத்தால் சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 20 வருஷத்துக்கு முந்தைய விஷயத்துக்கு அந்த மறுப்பு நிற்காது. பேரன் என்பதற்கு வாரிசு சான்று இணைத்தால் இன்னும் நல்லது.

இறப்புப் பதிவுக்கு ஒரு எச்சரிக்கை. பொன்மலை தனி நகராட்சியாக இருந்து 1994இல்தான் திருச்சி மாநகராட்சியோடு சேர்ந்தது. காலனிக்குள் நடந்த மரணத்தை ரயில்வே சுகாதார ஆய்வாளர் பதிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. மாநகராட்சி, ரயில்வே இரண்டு இடத்திலும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரி எந்த எல்லையோ அங்கே. பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் ழகரம், சாமி, மூர்த்தி போன்றவற்றை நாலு விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள். வயது 40 என்று முழு எண்ணாக இருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பத்திரக்கட்டு:

தோப்புத்துறை வேதாரண்யத்தை ஒட்டிய ஊர். பதினோரு பேர் என்றால் அதுதான் நீங்கள் தேடும் இடம். முதலில் வேதாரண்யம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1919இலிருந்து 1930வரை பெயர் அட்டவணையைப் பாருங்கள். உங்கள் தாத்தா படித்த பொன்மலை பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் கேளுங்கள், பள்ளிகள் அதை அழிப்பதில்லை. முன்பு படித்த பள்ளி என்ற கட்டத்தில் நாகப்பட்டினம் பள்ளி இருந்தால், குடும்பம் எப்போது பொன்மலைக்கு வந்தது என்பதும் தெரிந்துவிடும். தகப்பன் 1928இல் வந்து, பிள்ளைகளை நாலைந்து வருஷம் கழித்துக் கூட்டிவந்த வீடுகள் உண்டு, குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்காது.

ரிவெட்டு:

அந்த மொய் நோட்டில் பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர் என்று ஏதாவது வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நாகப்பட்டினத்திலிருந்து நேராகக் கப்பல் போன காலம். மலாயா ரயில்வேயிலும் தமிழ்த் தொழிலாளிகள் நிறைய இருந்தார்கள். 1928இல் வேலை போன அண்ணன் தம்பி யாராவது கப்பலேறியிருந்தால் மொய் மணியார்டரில் வந்திருக்கும். பெயருக்கு எதிரே ‘ம.ஆ.’ என்று எழுதியிருக்கலாம்.